திகதி போட்ட ஒரு துண்டு

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் நாங்கள், தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலே பிரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, நிறுவை முடித்து, வீட்டிலே ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாமல் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறோம். எங்கள் ஊரைப் பாடுமீன் ஊர் என்பார்கள். ஊரின் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு வாவி கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலே உள்ள பக்கத்தை எழுவான்கரை என்போம், சூரியன் எழும் கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக உள்ள பக்கம் படுவான்கரை, சூரியன் படும் கரை. ஆஸ்பத்திரி, வங்கி, கச்சேரி என்று பெரிய காரியமெல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையிலேதான். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டுதான் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் 'பாதை' என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில்தான் ஆட்களும் சைக்கிளும் தண்ணீரைக் கடக்கவேண்டும். ஒரு கையெழுத்து வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மேற்பிரிவு லயத்திலிருந்து டவுனுக்கு இறங்குகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'அங்கே ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது, இவர்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1977லும் 1983லும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறின. எங்கள் படுவான்கரையிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த ஒரு தாயின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறோம். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம். சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பிறந்தவர். 1977இல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத் தகப்பனோடு எங்கள் பக்கம் வந்தார். வயல் வேலை பழகி, அங்கேயே கல்யாணம் முடித்து, 1988இல் ஒரு மகன் பிறந்தான். அவனுக்குப் பிறவியிலேயே கை கால் இறுக்கம். நடக்க முடியாது. பேச்சும் தெளிவில்லை. தாய்க்கு மட்டும் விளங்கும். அறிவிலே ஒரு குறையும் இல்லை. வானொலிச் செய்தியைக் கேட்டு, எந்த ஊரிலே மழை, எந்த ரோட்டு மூடியிருக்கிறது என்று தாய்க்கு அவன்தான் சொல்லுவான்.

மகனுக்கு 18 வயதானது 2006இல். அப்போதிருந்தே அந்த அம்மா அலுவலகங்களிலே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 'என் புள்ளைக்கு ஏதாச்சும் உதவி கிடைக்குமா சார்?' 'பார்ப்பம் அம்மா.' 'அடுத்த மாசம் வாங்க.' 'மேலே இருந்து இன்னும் வரேல்ல.' இப்படியே 11 வருஷம் போனது. யாரும் அவரைக் கடுமையாக ஏசவில்லை. விரட்டவுமில்லை. ஆனால் யாரும் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையிலே கொடுக்கவுமில்லை, அவர் கேட்டதை எழுதி வைக்கவுமில்லை. 2017இல்தான் பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருவரின் உதவியோடு முதன்முதலாக எழுத்திலே விண்ணப்பித்தார். காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டார்கள். 2019இல் அனுமதிக் கடிதம் வந்தது. அதன்பின் மாதாமாதம் பணமும் வந்தது.

2023 ஒக்டோபரில் பணம் நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா, 'வெட்டிட்டாங்க போல' என்று பேசாமல் இருந்துவிட்டார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனது 2025 மே மாதம். அதற்குள் 20 மாதம் போய்விட்டது. 'ஏனம்மா கேட்கவில்லை?' என்றோம். 'கேட்டா உள்ளதும் போயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க' என்றார். உள்ளதே ஒன்றும் இல்லாத நேரத்திலும் அந்தப் பயம் விடவில்லை. இந்தப் பயம் உங்களிலும் பலருக்கு இருக்கும் என்று நினைக்கிறோம்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள்ளே 2019ஆம் ஆண்டு அனுமதிக் கடிதம், வங்கிப் புத்தகம், பழைய அடையாள அட்டையின் போட்டோ பிரதி எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த டின்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

நாங்கள் இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று, பிரதேச செயலாளருக்கு: 'இன்ன திகதியில் அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவு 2023 ஒக்டோபரிலிருந்து கிடைக்கவில்லை. காரணத்தை எழுத்தில் அறியத்தரவும். நிலுவையைக் கணக்கிட்டு வழங்கவும்.' மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலருக்கு: 'இவருடைய பெயர் இப்போது பட்டியலில் உண்டா? பணம் நிறுத்தப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டதா? எந்தத் திகதியில், என்ன காரணத்தால்?'

பதில் வந்தது. பெயர் வெட்டப்படவில்லை. பழைய பட்டியலிலே மகனின் பழைய அடையாள அட்டை இலக்கம் இருந்தது, அதாவது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். இடையிலே அட்டை தேய்ந்துபோய்ப் புதிது எடுத்திருக்கிறார்கள். 2016க்குப் பிறகு வருகிற புதிய அட்டையிலே 12 இலக்கம். வங்கிக் கணக்கு புதிய இலக்கத்திலே. இரண்டும் பொருந்தாததால் பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் காரணம். இந்த ஒரு சின்னக் காரணத்துக்காக ஒரு தாயும் மகனும் 20 மாதம் கடன் பட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைப்பது வேறு, வெட்டிவிடுவது வேறு. நிறுத்தி வைத்த பணம் உங்கள் பிள்ளையின் பணம். அதைக் கேட்டு வாங்கலாம். வெட்டிவிட்டால், ஏன் வெட்டினீர்கள் என்று மேன்முறையீடு செய்யவேண்டும். எது நடந்தது என்று எழுத்திலே தெரியாமல் இரண்டையும் செய்ய முடியாது.

நிலுவையை எப்படிக் கணக்குப் பார்ப்பது? அந்தந்த மாதத்துக்கு அந்தந்த மாதத்தின் தொகை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு முன்பு 3,000 ரூபாயாக இருந்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக்கினார்கள். 2024 ஜனவரி முதல் 7,500. 2025 ஏப்ரல் முதல் 10,000. அந்த மகனுக்கு 2023 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 3 மாதம், 15,000 ரூபாய். 2024 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை 15 மாதம், 1,12,500 ரூபாய். 2025 ஏப்ரல், மே, ஜூன் 3 மாதம், 30,000 ரூபாய். மொத்தம் 1,57,500 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடிதத்தோடு இணைத்தோம். அலுவலகத்திலே பார்த்தவர்களும் கணக்குச் சரி என்றார்கள். பணம் மகனுடைய கணக்குக்கு வந்து சேர்ந்தது.

கேட்க நல்லாய் இருக்கிறது. ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். அது கசப்பானது. 2006 தொடக்கம் 2019 வரையான காலத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 'நான் 11 வருஷமாக் கேட்டேனே' என்று அந்த அம்மா அழுதார். கேட்டது உண்மை. ஆனால் வாயால் கேட்டதற்குத் திகதி இல்லை. 'அனுமதி கிடைத்த பிறகு வராமல் நின்ற பணத்தைத்தான் நிலுவை என்கிறோம். விண்ணப்பமே இல்லாத காலத்துக்கு எங்களால் என்ன செய்ய முடியும்?' என்று கேட்டால், அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்லுவது? பிள்ளை பிறந்த நாளிலிருந்து எல்லாப் பணமும் ஒரேயடியாக வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதை எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்டு வருகிற தரகர்களையும் வீட்டுக்குள்ளே எடுக்காதீர்கள்.

தோட்டத்திலே உங்களுக்கு இது புதிதல்ல. நாள் முழுக்க மலையிலே நின்று கொழுந்து பறித்தாலும் செக்ரோலிலே பேர் விழாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. அரைப் பேர் போட்டால் சண்டை பிடிக்கிறீர்கள் அல்லவா? உங்கள் பேருக்கு நீங்கள் எப்படி நிற்கிறீர்களோ, அப்படியே பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் நிற்கவேண்டும். விண்ணப்பம் கொடுத்தால், 'கிடைத்தது' என்று திகதியும் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு பிரதி உங்கள் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுதான் உங்களுடைய செக்ரோல்.

இனி என்ன செய்யவேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, பிள்ளையின் பெயரிலே கடதாசி இருக்கவேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றும். 'வெளியிலே போகாத பிள்ளைக்கு அட்டை எதுக்கு?' என்று பல வீடுகளிலே விட்டுவிடுகிறார்கள். அட்டை இல்லாத பிள்ளை அரசாங்கத்தின் கணக்கிலே இல்லாத பிள்ளை. பிறப்புப் பதியப்படாவிட்டால் காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கிராமத்திலே அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்திலே இருப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்துகிற வழக்கம் உண்டு. நடமாடும் சேவை வருகிற நாளை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் எழுத்தும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிலே 'இராமாயி', மற்றதிலே 'ராமாய்' என்றிருந்தால் பிறகு அலைச்சல்தான்.

இரண்டாவது, எங்கே போவது? தோட்ட ஆபீசிலே சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தொரை நல்லவராக இருக்கலாம். ஆனால் இந்தக் கொடுப்பனவு தோட்டத்தின் பணம் அல்ல, அரசாங்கத்தின் பணம். உங்கள் தோட்டம் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் வருகிறது என்று தெரிந்துகொண்டு, பிரதேச செயலகத்திலே சமூக சேவை உத்தியோகத்தரைக் காணவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டரின் சான்றிதழும் வேண்டும். வீட்டுக்கு அஸ்வெசும கிடைக்கவில்லை என்பதற்காக இதைக் கேட்காமல் விடவேண்டாம். அஸ்வெசும வீட்டைப் பார்த்துக் கொடுப்பது. இது மாற்றுத்திறனாளியான அந்த ஆளுக்காகக் கொடுப்பது.

மூன்றாவது, தமிழிலே எழுதுங்கள். தமிழிலே எழுதித் தமிழிலே பதில் பெறுகிற உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 'சிங்களத்திலே எழுதிக்கொண்டு வா' என்றால், மரியாதையாக, 'ஐயா, தமிழிலே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். கோபப்படத் தேவையில்லை. பின்வாங்கவும் தேவையில்லை.

நான்காவது, பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும், அதை எழுத்தில் எடுக்கவேண்டியது தகவல் அலுவலரின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களும், 'என் பிள்ளையின் பெயர் எத்தனையாவது?' என்று இதன்கீழ் கேட்கலாம். அதற்கும் வழி பிறக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அதற்கு மட்டக்களப்பிலும் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

ஐந்தாவது, நீங்கள் வேலை செய்கிற காலத்திலேயே செய்யவேண்டியது. உங்கள் ஈ.பி.எப். பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்பு அப்பா அம்மாவின் பெயரைக் கொடுத்து, அப்படியே விட்டவர்கள் இருக்கிறீர்கள். அவர்கள் காலமாகியும் இருக்கலாம். அதை மாற்றி, முடியாத பிள்ளைக்கும் ஒரு பங்கை எழுதி வையுங்கள். 'அண்ணன் பார்த்துக்குவான்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், அதற்கும் திகதி இல்லை. அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது.

இப்போது பலர் மனதிலே இருக்கிற ஒரு கேள்வி. 'இது பிச்சை மாதிரி இல்லையா?' எங்கள் பக்கத்திலும் கேட்கிறார்கள். அந்த அம்மாவின் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர், 'என்னகா, பிள்ளையக் காட்டியா காசு வாங்கிற?' என்று முகத்துக்கு நேரே கேட்டாராம். நாங்கள் சொல்லுவது இதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம் இந்த நாட்டிலே 1996ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, 28ஆம் இலக்கச் சட்டம். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சமூகப் பாதுகாப்பும் உரிமை, தன் பணத்தைத் தானே ஆளுவதும் உரிமை என்று அது சொல்லுகிறது. நீங்கள் கடையிலே சீனி வாங்கினாலும் வரி கட்டுகிறீர்கள். அந்தப் பணத்திலே உங்கள் பிள்ளைக்கும் பங்கு இருக்கிறது. இதிலே கை ஏந்துகிற வேலை எங்கே இருக்கிறது?

பணத்தைத் தானே ஆளுவது என்று சொன்னோம். அதையும் அந்த வீட்டிலேதான் நாங்கள் படித்துக்கொண்டோம். 1,57,500 ரூபாய் வந்த அன்று எல்லோருக்கும் ஒவ்வொரு யோசனை. வாடைக்காற்று மழைக்கு முன் கூரையைப் போடலாம் என்றார் அம்மா. கடையிலே கடனைத் தீர்க்கலாம் என்றார் மாமா. நாங்களும் நிபுணர்கள் போல ஒரு யோசனை சொன்னோம். கட்டிலிலே கிடந்தவனை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசியிலே அவனே சத்தம் போட்டுக் கூப்பிட்டான். தாய் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'என்ன சொன்னான் அம்மா?' என்றோம். 'கக்கூசுல புடிச்சுக்கக் கம்பியும், உக்கார ஒரு நாற்காலியும் வேணுமாம். இனிமே நான் தூக்க வேணாமாம். எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு அவனுக்குத் தெரியுமாம்' என்றார்.

முதலில் அதைத்தான் செய்தார்கள். கடையிலே பாதிக் கடனைக் கொடுத்தார்கள். மீதி அவன் பெயரிலேயே வங்கியில் இருக்கிறது. எடுக்கும்போது அவன் பெருவிரல் அடையாளம் வைக்கிறான். எவ்வளவு எடுக்கிறோம், எதற்கு என்று தாய் முதலில் அவனிடம் சொல்லவேண்டும் என்பது இப்போது அந்த வீட்டின் வழக்கம். கூரை இந்த வருஷமும் ஒழுகியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான்.

எங்கள் வாவிக்கரைத் தாய்மார் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். 'நான் கண்ண மூடினா இந்தப் புள்ளைய யார் பாக்கிறது?' இந்தக் கூட்டத்திலும் அதே கேள்வியோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். அதற்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை. பத்தாயிரம் ரூபாய் ஒரு தாய்க்கு ஈடாகாது. ஆனால் தன் பெயரிலே அட்டையும், கணக்கும், மாதாமாதம் வருகிற பணமும் உள்ள ஒருவரைச் சொந்தக்காரர்கள் பார்க்கிற பார்வை வேறு. ஒன்றும் இல்லாமல் மூலையிலே விடப்பட்டவரைப் பார்க்கிற பார்வை வேறு. இதை நாங்கள் கண்ணாலே கண்டிருக்கிறோம்.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டின்னோ, ஒரு பையோ தேடி எடுங்கள். பிள்ளையின் கடதாசி எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போடுங்கள். என்ன இல்லை என்று பாருங்கள். நாளைக்கோ மறுநாளோ ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். மேலே மறக்காமல் திகதி போடுங்கள். கொடுத்தால் திகதி போட்ட ஒரு துண்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பக்கத்து லயத்திலே இப்படி ஒரு பிள்ளை இருந்து, அந்தத் தாய் இன்றைக்கு இங்கே வராவிட்டால், அவரிடமும் போய்ச் சொல்லுங்கள்.